திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே ஷாட் பாட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்றால் மாளிகை இல்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் மூன்று, நான்கு மாடிக் கட்டடம். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு கட்டில், நடைபாதையில் கொடி கட்டிக் காயப்போட்ட லுங்கிகள், ஒவ்வொரு மாடியின் கோடியிலும் பொதுக் குளியலறை. சினிமா கனவோடு சென்னைக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது இப்படி ஒரு அறையில் சில மாதங்கள் இருந்திருப்பார்கள்.

நாங்கள் எடுத்த பாட்டும் அப்படி ஒரு அறையைப் பற்றியதுதான். பாடகர் எந்த நிறுவனமும் பின்னால் இல்லாமல் சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர். எட்டு வருடம் தங்கிய அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிற ஒருவனின் பாட்டு. முழுவதையும் ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு நல்ல காரணம் இருந்தது. “அறையில இருந்து தெரு வரைக்கும் நடக்கிற அந்த நாலு நிமிஷம்தான் பாட்டு. நடுவுல வெட்டினா அவன் கிளம்பின மாதிரியே இருக்காது” என்றார். கேட்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. வித்தைக்காக ஒரே ஷாட் எடுப்பது வேறு, பாட்டே அதைக் கேட்பது வேறு.

ஃபிலிம் காலத்தில் 400 அடி 35 எம்எம் ரோல் நாலரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடும். ஒரு பாட்டை ஒரே ஷாட்டில் எடுத்தால் ரோலில் மிச்சமே இருக்காது. இன்று கேமரா மணிக்கணக்கில் ஓடும். 2022-ல் வந்த பார்த்திபனின் ‘இரவின் நிழல்’ ஒரு முழுப் படத்தையே ஒரே ஷாட்டில் காட்டிவிட்டது. அதனால் நாலு நிமிடம்தானே என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்குமே இருந்தது. குழுவில் மொத்தம் பதினோரு பேர். நான் இணை இயக்குநர். எந்த விநாடியில் யார் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் திட்டமிடுவது என் பொறுப்பு.

இடத்தை அளந்தபோது

அறை மூன்றாம் மாடியில். அங்கிருந்து நடைபாதை, படிக்கட்டு, கீழே மேனேஜர் மேசை, தெரு, நாற்பது மீட்டர் தள்ளி டீக்கடை. இதுதான் பாதை. படிகள் மொத்தம் 54. டேப்பும் ஸ்டாப்வாட்சும் வைத்து இரண்டு நாள் அளந்தோம்.

முதலில் போட்ட திட்டப்படி கேமரா முழுக்கப் பாடகருக்கு முன்னால் போகும். அதாவது, கேமராமேன் ஜிம்பலை (படம் ஆடாமலிருக்கக் கேமராவைத் தாங்கும் கருவி) பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே மூன்று மாடி இறங்க வேண்டும். அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து ஒரு உதவியாளர் வழி காட்டுவார். அப்படி இறங்கிப் பார்த்தால் 63 விநாடி ஆனது. பாட்டில் படிக்கட்டுக்கு நாங்கள் ஒதுக்கியிருந்த இடையிசை வெறும் 21 விநாடி. மீதி 42 விநாடியும் பாடகர் படி இறங்கிக்கொண்டே சரணத்தைப் பாட வேண்டும், மூச்சு வாங்காமல். காகிதத்தில் எல்லாம் பொருந்தியிருந்தது. காகிதத்தில் படிக்கட்டு ஒரு சின்னக் கோடுதான்.

படிகளும் ஒரே அளவில் இல்லை. பழைய கட்டடம். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கும்போது பதினோராவது படி மற்றவற்றைவிட ஒரு அங்குலம் உயரம். தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது காலிலேயே பழகிவிட்டது; யாரும் கவனிப்பதில்லை. நாங்கள் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தோம்.

ஒத்திகையில் நடந்தது

மூன்றாவது ஒத்திகையில் அந்தப் பதினோராவது படியில் தடுமாறியது கேமராமேன் இல்லை, வழி காட்டிய உதவியாளர். அவரும் பின்பக்கமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் சரிய, பெல்ட்டைப் பிடித்திருந்த பிடியில் கேமராமேனும் பொத்தென்று படியில் உட்கார்ந்துவிட்டார். ஜிம்பலின் கை சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. கேமராமேனுக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஆனால் நாலு படி கீழே திருப்பத்தில் இரும்புக் கம்பி இருந்தது. அங்கே சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கு ஒத்திகையை நிறுத்திவிட்டோம்.

அன்று மாலை எடுத்த முடிவுதான் இந்த வேலையில் நாங்கள் சரியாகச் செய்த ஒன்று. படிக்கட்டில் கேமரா பாடகருக்குப் பின்னால் வரும்; அவர் முதுகும், தோளில் தொங்கும் பையும் மட்டும்தான் தெரியும். இயக்குநர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “பாட்டோட நடுவுல போய் முதுகைக் காட்டுறதா?” என்று கேட்டார். ஆனால் முன்பக்கமாக இறங்கினால் கேமராமேனுக்குப் படி தெரியும், நேரமும் 44 விநாடியாகக் குறைகிறது. வாய் தெரியாததால் அங்கே பாட வேண்டியதும் இல்லை.

அப்படியானால் இடையிசை 44 விநாடி வேண்டும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 90 தட்டு. நாலு தட்டு கொண்ட ஒரு பார் 2.67 விநாடி. எட்டு பாராக இருந்ததை இசையமைப்பாளர் பதினாறாக்கிக் கொடுத்தார். கிட்டத்தட்ட 43 விநாடி வந்தது. மிச்சமுள்ள ஒரு விநாடியைப் பாடகர் நடையில் சரிக்கட்டிக்கொள்ளலாம். பாட்டு 3 நிமிடம் 51 விநாடியிலிருந்து 4 நிமிடம் 12 விநாடி ஆனது. ஷூட்டிங்குக்காகப் பாட்டை மாற்றுவதா என்று கேட்கலாம். கூட்டிய எட்டு பாரில் அவர் ஒற்றை நாகஸ்வரத்தை மட்டும் விட்டிருந்தார். கேட்டபோது, அந்தப் பாட்டு முதலிலிருந்தே அதற்காகக் காத்திருந்தது போல எனக்குத் தோன்றியது.

கீழே வந்ததும் கேமரா மறுபடி பாடகருக்கு முன்னால் போயாக வேண்டும். நடைபாதை நாலடிதான். ஆளை உரசாமல் தாண்ட முடியாது. அதனால் பாடகர் மேனேஜர் மேசை முன் நின்று சாவியைக் கொடுப்பார். மரத்துண்டில் எண் எழுதித் தொங்கவிட்ட சாவி. மேனேஜர் அதை வாங்கிச் சுவர் ஆணியில் மாட்டும் நேரத்தில் கேமரா பக்கவாட்டில் நழுவித் தெருவுக்குப் போய்விடும். இடத் தட்டுப்பாட்டுக்காக யோசித்ததுதான். அந்தச் சாவி ஆணியில் ஆடுகிற இடம்தான் பாட்டிலேயே பலரையும் தொட்டது.

ஒலியும் ஒளியும்

பாடகருக்குப் பாட்டு கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உதடு ஒட்டாது. தெருவில் ஒரே பெரிய ஸ்பீக்கர் வைத்தால் மூன்றாம் மாடிக்குக் கேட்காது. கேட்டாலும் பிரச்சினைதான். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். ஆக, ஒவ்வொரு 14 மீட்டர் தூரத்துக்கும் உதடு ஏறக்குறைய ஒரு ஃபிரேம் பின்தங்கும். பாடகர் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்தப் பின்தங்கலும் மாறிக்கொண்டே இருக்கும். எடிட்டில் மொத்தமாக நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒரு பையன் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினான். அதில் வேறு வகைத் தாமதம். வயர்லெஸ் இயர்போன் கொண்டுவந்தோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கான்கிரீட் சுவர் சிக்னலைத் தின்றுவிட்டது.

கடைசியில் பாடகரின் சட்டைப் பையிலேயே சின்ன பிளேயர், கேமராவுக்குத் தெரியாத பக்கக் காதில் வயர் இயர்போன். அவர் காதில் கேட்பதற்குத்தான் அவர் பாடுகிறார் என்பதால், எடிட்டில் பாட்டை ஒருமுறை நகர்த்தினால் முழுக்க ஒட்டிவிடும். மற்றவர்களுக்கு மாடிக்கொரு சின்ன ஸ்பீக்கர், டீக்கடை அருகே ஒன்று.

டீக்கடையில்தான் சிக்கல். கடைசிப் பல்லவியில் டீ மாஸ்டர் கண்ணாடி டம்ளரில் ஸ்பூனால் கலக்குகிற சத்தம் தாளமாக வரும். அவர் தெரு ஸ்பீக்கரைக் கேட்டு அடித்தால் பாடகரின் பிளேயரோடு ஒத்துப்போகாது, ஏனென்றால் இரண்டையும் கையால்தான் ஓடவிடுகிறோம். இதற்கு வழி சொன்னது மாஸ்டர்தான், பாடகரைக் காட்டி: “நீங்க பாட்டைப் போடுங்க, போடாம போங்க. தம்பி பெஞ்சுல விரலைத் தட்டட்டும், நான் அதைப் பாத்துக் கலக்குறேன்.” முப்பது வருடமாக டம்ளர் பிடித்த கை. முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது.

ஒளிக்காக அதிகாலையைத் தேர்ந்தோம். பகலில் அறைக்கும் தெருவுக்கும் வெளிச்ச வித்தியாசம் மிக அதிகம். அறைக்குச் சரிசெய்தால் தெரு வெளுத்துப்போகும். பிப்ரவரி நடுவில் சென்னையில் ஆறரைக்குச் சூரியன் வரும். அதை ஒட்டிச் சுமார் 20 நிமிடம் மட்டும், நாங்கள் கூட்டி வைத்த அறை விளக்கும் தெருவின் வெளிச்சமும் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வித்தியாசத்துக்குள் நிற்கும். மேன்ஷன் டியூப்லைட்டுகள் படத்தில் மினுங்காமலிருக்க 25 ஃபிரேம், ஷட்டர் 1/50; நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோடு ஒத்துப்போகும் அளவுகள். ஃபோகஸை மாற்றிக்கொண்டே வரும் உதவியாளருக்குப் படிக்கட்டில் நிற்க இடமே இல்லை, அதனால் 20 எம்எம் லென்ஸின் துளையை 5.6-ல் வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டோம். 1.2 மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவு. யாரும் அதைவிடக் கிட்டே வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு டேக் முடிந்து எல்லோரும் மேலே ஏறித் தயாராக எட்டு நிமிடம். ஆக ஒரு காலைக்கு இரண்டு டேக். சனி, ஞாயிறு சேர்த்து நான்கு. அதற்குமேல் கேமரா வாடகைக்குப் பணமில்லை.

எங்கே டேக்கை நிறுத்துவது என்பதையும் முன்பே பேசி வைத்தோம். வழிப்போக்கர் கேமராவைப் பார்ப்பது தப்பில்லை. உதடு தப்பினாலோ, கேமரா எங்காவது இடித்தாலோ, சம்மதம் தராதவர் முகம் விழுந்தாலோ அந்த டேக் செல்லாது.

குடியிருப்பவர்கள்

இதை ஒரு தனித் தலைப்பாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் இதை அப்படி நினைக்கவில்லை. மேனேஜரிடம் அனுமதி வாங்கினோம், நோட்டீஸ் ஒட்டினோம், அறை அறையாகப் போய்க் கேட்டோம். இரண்டு பேர் தங்கள் முகம் வரக்கூடாது என்றார்கள். ஒருவர் இரவுப் பணிக்குப் போகிற பெரியவர். “நான் இங்க இருக்கிறது ஊர்ல எல்லாருக்கும் தெரிய வேண்டாம் தம்பி” என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

அவர் மறுத்ததைக் குறித்துக்கொண்டோம். அவர் எத்தனை மணிக்கு வேலையிலிருந்து வருவார், எத்தனை மணிக்குக் குளிப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டு காலைகள்

சனிக்கிழமை முதல் டேக் நாற்பது விநாடிதான் ஓடியது. இரவு முழுக்க ஏசியை 20-ல் வைத்த அறையில் கிடந்த கேமராவை நேராக மேன்ஷனுக்குக் கொண்டுவந்திருந்தோம். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில், அந்த ஈரக் காற்றில், லென்ஸில் பனி படிந்தது போலப் புகை மூடிவிட்டது. துடைத்தால் திரும்ப மூடும். தானாகத் தெளிய கால் மணி நேரம் ஆனது. சென்னையில் பிறந்து வளர்ந்த பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட அது முந்தின இரவு தோன்றவில்லை.

இரண்டாவது டேக் அழகாகப் போனது. சாவி, தெரு, எல்லாம். டீக்கடைக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது பால் வண்டி வந்து கடைக்கு நேர் எதிரே நின்றது. கேமரா போக வழியில்லை. வண்டிக்காரர்மேல் ஒரு தப்பும் இல்லை; தினமும் அதே நேரத்துக்கு அங்கேதான் நிற்கிறார். மாஸ்டரிடம் பிறகு கேட்டபோது, “நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார்.

ஞாயிறன்று பால் வண்டியை முன்கூட்டியே பேசித் தள்ளி நிறுத்தினோம். கேமராவை ஐந்து மணிக்கே வெளியே எடுத்து வைத்தோம். மூன்றாவது டேக் தொடங்கி ஐம்பது விநாடியில், நடைபாதையின் கோடியில் குளியலறைக் கதவு திறந்தது. துண்டோடு அந்தப் பெரியவர். கேமராவைப் பார்த்ததும் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டார். ஆனால் அதற்குள் முகம் பதிவாகிவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நாங்கள் போட்ட விதியே அதுதான். இயக்குநர் கையை அசைத்து ‘போகட்டும்’ என்றார், கீழ்ப் பாதிக்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று. செல்லாத டேக் என்று தெரிந்ததாலோ என்னவோ, பாடகரின் உடம்பிலிருந்து இறுக்கம் போய்விட்டது. படிக்கட்டிலிருந்து கடைசி வரை நாங்கள் எடுத்ததிலேயே நல்ல பாதி அதுதான். பெஞ்சில் விரல், டம்ளரில் ஸ்பூன், இரண்டும் ஒன்றாக விழுந்தன.

நான்காவது டேக்கில் மேல் பாதி குறையே இல்லை. ஆனால் வெயில் ஏறித் தெரு வெளுத்திருந்தது. கடைசியில் ஒருவர் டீ கேட்டதில் மாஸ்டர் ஒரு கணம் திரும்பிவிட்டார். மறுபடி தாளத்தைப் பிடித்தபோது ஸ்பீக்கரைக் கேட்டுப் பிடித்தார். விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியது.

எடிட்டில்

கையில் ஒரு நல்ல மேல் பாதி, ஒரு நல்ல கீழ்ப் பாதி. இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டுத் திருப்பத்தில் இருட்டுச் சுவர். கேமரா அதை உரசிப் போகும்போது ஒரு விநாடி படம் முழுக்கக் கறுப்பு. அங்கே ஒட்டினால் யாருக்கும் தெரியாது. 1948-ல் ஹிட்ச்காக் ‘ரோப்’ படத்தில் நடிகரின் கோட்டு முதுகில் கேமராவைக் கொண்டுபோய் ரோல் மாற்றியதும் இதே வழிதான். அது கௌரவமான தொழில்முறை, அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பாடகருக்கு இருந்தது. மூன்றாவது டேக்கில் பெரியவர் முகத்தை மங்கலாக்கி முழுசாக வைக்கலாமா என்று கேட்டார். அதை நான் எதிர்த்தேன். மங்கலாக்கினாலும் துண்டும் உடம்பும் அந்த நடைபாதையும் தெரியும். அவர் சொன்னது வரக்கூடாது என்பதைத்தான். நான்காவதைக் குறையோடு அப்படியே விடலாம் என்பது இன்னொரு யோசனை. இரண்டு நாள் பேசி, ஒட்டுவது என்று முடிவானது. பெரியவர் இருக்கும் பகுதியை எல்லா ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் அழித்து, அதை அவருக்கு நேரிலேயே காட்டினோம். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. ஷூட்டிங்குக்கு முன்பே அடித்து வைத்திருந்த போஸ்டரில் ‘ஒரே ஷாட்டில் எடுத்த பாடல்’ என்று இருந்தது. அதை மாற்ற யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வேலை முடிந்த களைப்பில், பார்க்கிறவர்களுக்கு ஒரே ஷாட்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வெளியான பிறகு

பாட்டு நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே போனது. மேன்ஷனில் இருந்த பலர் தங்கள் அறைச் சாவியைப் படமெடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து எடிட்டிங் படிக்கும் ஒரு மாணவர், இரண்டாம் மாடித் திருப்பத்தில் பையின் வார் இடது தோளிலிருந்து சற்று உள்பக்கம் நகர்கிறதே, அங்கே ஒட்டு இருக்கிறதா என்று பாடகரிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், கற்றுக்கொள்வதற்காக. பாடகர் அன்று இரவே எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் போஸ்டரை எடுத்துவிட்டு, வீடியோவுக்குக் கீழே உள்ள குறிப்பில் இரண்டு டேக்குகளை ஒட்டியது என்றும் எங்கே ஒட்டினோம் என்றும் எழுதினோம். சிலர் ஏமாந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம்.

இனி மாற்றுவது

படிக்கட்டில் யாரும் பின்பக்கமாக இறங்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. எந்த ஷாட்டும் ஒருவர் இடுப்பெலும்புக்கு ஈடாகாது. கேமராவை ஒரு மணி நேரம் முன்னால் வெளிக்காற்றில் வைப்பது இப்போது எங்கள் கால்ஷீட்டிலேயே (அன்றன்றைய வேலை நேரத் தாள்) அச்சாகிறது. விலை கூடிய கேமராவுக்குக் கொடுத்த பணத்தில் சாதாரணக் கேமராவும் மூன்றாவது காலையும் கிடைத்திருக்கும். விளம்பர வாசகத்தை எடிட் முடிந்த பிறகுதான் எழுத வேண்டும். சம்மதம் தராதவர் முகம் விழுந்த அந்த நொடியே டேக்கை நிறுத்த வேண்டும், கீழ்ப் பாதி எவ்வளவு நன்றாக வரும் என்றாலும்.

ஆனால் எங்களைத் தோற்கடித்த இரண்டு விஷயமும், பால் வண்டியும் குளியலறைக் கதவும், தற்செயல் இல்லை. இரண்டும் தினமும் அதே நேரத்துக்கு நடப்பவை. கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்தோம். அதில் வாழ்கிறவர்களின் காலைப்பொழுதை அளக்கவில்லை. பல ஷாட்டாக எடுக்கும்போது அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, வண்டி போனதும் அடுத்த ஷாட் எடுக்கலாம். ஒரே ஷாட்டில் அந்தத் தெருவின் காலை முழுவதும் நம் பாட்டோடு சேர்ந்தே ஓடுகிறது.

அடுத்த பாட்டுக்கு இப்போது பெரம்பூரில் ஒரு லைன் வீடு பார்த்திருக்கிறோம். டேப்பை இன்னும் வெளியே எடுக்கவில்லை. மூன்று காலை அங்கே வெறுமனே உட்கார்ந்து எழுதிய நோட்டின் முதல் பக்கம் இப்படிப் போகிறது: 4.50, தண்ணீர் மோட்டார் போடுகிறார்கள், பன்னிரண்டு நிமிடம் சத்தம். 5.15, பேப்பர் பையன், சைக்கிளை நடுவாசலில் சாய்ப்பான். 5.40, மூன்றாம் வீட்டு அம்மா வாசல் தெளிக்கிறார், ஆறு மணி வரை படி ஈரம். 6.05, கடைசி வீட்டுத் தாத்தா நாற்காலியைத் தூக்கி வந்து முற்றத்தில் போடுவார். அவரைக் கேட்க வேண்டும்.